கணினி வன்பொருள் கண்காணிப்பின் வரலாறு: வெப்ப உணரிகளும் நிலைக் காட்டிகளும்

கணினி வன்பொருள் கண்காணிப்பு என்பது ஒரு கணினி தன் உறுப்புகளின் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறிகளின் சுழல்வேகம் ஆகியவற்றைத் தானே அளந்து பயனருக்குத் தெரிவிக்கும் முறையாகும். அளக்கும் பணியை உணரிகள் செய்கின்றன. தெரிவிக்கும் பணியைத் திரையில் ஓடும் மென்பொருளோ, கணினிப் பெட்டியின் முகப்பில் பொருத்தப்பட்ட சிறு காட்டியோ செய்கிறது.

ஒரு மாணவர் தன் கணினியில் "செயலி 62 பாகை" என்று படிக்கும்போது, வெப்பமானியின் பாதரசத்தை நேரில் பார்ப்பதுபோல எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த எண் உணரி, அளவீட்டுச் சில்லு, இணைப்புக் கம்பி, இயக்கி மென்பொருள், காட்டி எனப் பல கைகள் மாறி வந்த செய்தியாகும். எந்தக் கை தவறினாலும் எண் தவறும். இத்துறையில் நிகழ்ந்த பெரும்பாலான குழப்பங்கள் இந்தக் கைமாற்றங்களில் ஏதோ ஒன்றில் பிறந்தவையே. எனவே இதன் வரலாற்றை அறிவது பழுது பார்ப்பதற்கான பாடமாகவும் அமைகிறது.

விளக்குகளின் காலம்

1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்யப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொரு குழாயும் சூடான இழையைக் கொண்டது. எனவே வெப்பத்தை வெளியேற்றப் பெரிய ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன. இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது இழைகள் குளிர்ந்து சூடேறுவதால் குழாய்கள் அதிகம் பழுதடைந்தன. ஆகவே பொறியாளர்கள் அதனை இயன்றவரை நிறுத்தாமல் ஓடவிட்டனர். வெப்பத்தின் அளவு மட்டுமன்றி, வெப்பம் ஏறி இறங்குவதும் கேடு விளைவிக்கும் என்பது அக்காலத்திலேயே அறியப்பட்ட உண்மை.

எனியாக்கின் உள்நிலையைக் காட்டியவை சிறு நியான் விளக்குகள். செய்தியாளர்களுக்கான செயல்விளக்கத்தின்போது அந்த விளக்குகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மேசைப்பந்துகளைப் பாதியாக வெட்டி, எண்களை எழுதி, விளக்குகளின் மேல் பொருத்தினர். இவ்வாறு இயந்திரத்தின் நிலையை வெளியாட்களுக்குக் காட்டும் காட்டி, கணினி வரலாற்றின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையிலும் முகப்புப் பலகையில் வரிசை வரிசையாக விளக்குகள் இருந்தன. 1975-இல் வெளிவந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணினியின் முகப்பிலும் எல்.ஈ.டி. விளக்குகளும் நிலைமாற்றிகளுமே இருந்தன. இவை கணக்கீட்டின் நிலையைக் காட்டின. ஆனால் இயந்திரத்தின் உடல்நிலையை, அதாவது எந்த உறுப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் காட்டவில்லை.

வெப்பத்தை மின்குறிப்பாக மாற்றிய வழிகள்

வெப்பத்தை மின்வழியில் அளக்கும் அறிவு கணினியைவிட மிகவும் பழையது. 1821-இல் தாமஸ் சீபெக், இருவேறு உலோகங்களின் சந்திப்புகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் மின்விளைவு தோன்றுவதைக் கண்டார். வெப்ப இரட்டை எனப்படும் உணரி இதன் அடிப்படையில் அமைந்தது. 1833-இல் மைக்கேல் ஃபாரடே, சூடேறச் சூடேறச் சில்வர் சல்பைடின் மின்தடை குறைவதைப் பதிவு செய்தார். அந்தக் கண்டறிதலின் வழிவந்ததே தெர்மிஸ்டர் எனப்படும் வெப்பத் தடையம்.

கணினிகளில் இரண்டு வகை உணரிகள் பரவலாயின. முதலாவது தெர்மிஸ்டர். இதன் பொதுவான வகையில் வெப்பம் கூடினால் தடை குறையும். 25 பாகை செல்சியசில் 10,000 ஓம் தடை கொண்டவை பெருவழக்கு. இரண்டாவது சிலிக்கன் இருமுனையம். இதன் குறுக்கே உள்ள மின்னழுத்தம் ஒரு பாகை வெப்பம் கூடும்போது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். செயலியின் சில்லுக்குள்ளேயே இதனை வைத்துவிடலாம் என்பதால், வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அளக்க முடிந்தது.

இந்த இயல்புகளைத் தெரிந்துகொண்டால் ஒரு பயன் உண்டு. தெர்மிஸ்டரின் கம்பி அறுந்தால் தடை மிக அதிகமாகிறது. சில்லு அதனைக் கடுங்குளிர் என்று புரிந்துகொண்டு உறைநிலைக்குக் கீழே ஓர் எண்ணைக் காட்டும். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தடை சுழியமாகி, கடும் வெப்பம் காட்டப்படும். பெட்டியைத் திறக்கும் முன்பே பழுதின் தன்மையை இவ்வாறு ஊகிக்கலாம்.

தனிநபர் கணினியும் பழுதறி குறியீடும்

1981-இல் வந்த ஐபிஎம் தனிநபர் கணினியில் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட இன்டெல் 8088 செயலி, வெப்பம் கடத்தும் தகடுகூட இல்லாமல் இயங்கியது. அதன் மின்வழங்கியின் திறன் 63.5 வாட் மட்டுமே. அங்கு வெப்பநிலையை அளக்கும் தேவை எழவில்லை. திரை வேலை செய்யாதபோது பழுதை எப்படி அறிவது என்பதே அன்றைய சிக்கலாக இருந்தது. ஒலிபெருக்கியின் 'பீப்' ஒலிகள் அதற்கு முதல் விடையாக அமைந்தன.

1984-இல் வெளிவந்த ஐபிஎம் ஏடி கணினி இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. இயக்கத் தொடக்கச் சோதனையின் ஒவ்வொரு படியிலும் ஓர் எண்ணைப் பதினறும எண்முறையில் 80 என்ற வாயிலுக்கு அது அனுப்பியது. அந்த எண்ணைப் பிடித்து இரு இலக்கங்களில் காட்டும் அட்டைகள் கணினிப் பழுது பார்ப்போரின் கருவிப்பெட்டியில் இடம்பிடித்தன. கடைசியாக நின்ற எண்ணே பழுதின் இடத்தைச் சொன்னது. இன்றைய உயர்வகைத் தாய்ப்பலகைகள் பலவற்றில் இந்த இரு இலக்கக் காட்டி பலகையிலேயே பதிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் சில, கணினி இயங்கத் தொடங்கிய பின் அதே காட்டியில் செயலியின் வெப்பநிலையைக் காட்டுகின்றன. இதை அறியாதவர்கள் "41" என்பதைப் பழுதுக் குறியீடு எனக் கருதி அஞ்சுவது உண்டு. ஒரே காட்டி இரு வேளைகளில் இரு பொருள் சொல்வது எப்போதும் குழப்பத்திற்கு இடம் தரும்.

உணரிச் சில்லுகளின் வருகை

1990-களில் செயலிகளின் வேகம் கூடியது. 486 வகையின் வேகமான செயலிகளுக்கும், 1993-இல் வந்த பென்டியம் செயலிக்கும் வெப்பத் தகடும் விசிறியும் கட்டாயமாயின. விசிறி ஒரு சுழலும் உறுப்பு. தூசி படியும், தேயும், ஒருநாள் நிற்கும். அது நின்றதைச் சொல்ல யாராவது வேண்டும்.

1990-களின் நடுப்பகுதியில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78 என்ற சில்லு இதற்கு விடையாயிற்று. ஏழு மின்னழுத்தங்கள், மூன்று விசிறிகளின் வேகம், ஒரு வெப்பநிலை ஆகியவற்றை அது அளந்தது. எல்எம்75 என்ற சிறு உணரி அரைப் பாகை நுணுக்கத்தில் வெப்பத்தை அளந்து சொன்னது. இவற்றைத் தாய்ப்பலகையோடு பேசவைத்தது, பிலிப்ஸ் நிறுவனம் 1980-களில் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி என்ற இருகம்பிப் பாட்டையும், அதனையொட்டி இன்டெல் 1995-இல் வரையறுத்த எஸ்எம்பஸ் என்ற பாட்டையும் ஆகும். இந்தப் பாட்டையில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரி சொல்லி அழைத்தால் அந்தச் சில்லு விடையளிக்கும்.

1996 டிசம்பரில் வெளிவந்த ஏசிபிஐ தரம், வெப்ப மண்டலம் என்ற கருத்தை இயங்குதளத்திற்குக் கொண்டுவந்தது. அதில் வெப்பநிலை கெல்வினின் பத்தில் ஒரு பங்காகக் கூறப்படும். எனவே 2732 என்பது ஏறத்தாழ 0 பாகை செல்சியசைக் குறிக்கும். 1998-இல் இன்டெல், ஹியூலட் பேக்கர்ட், டெல், என்இசி ஆகியவை இணைந்து வெளியிட்ட ஐபிஎம்ஐ தரம், வழங்கிக் கணினிகளில் தனியொரு நுண்கட்டுப்படுத்தியைக் காவலாளியாக வைத்தது. முதன்மைச் செயலி உறைந்துபோனாலும் அது விழித்திருந்து வெப்பநிலையைச் சொல்லும்.

அளந்தால் மட்டும் போதாது

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் இணையத்தளம் ஒரு சோதனையைக் காணொளியாக வெளியிட்டது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலுள்ள வெப்பத் தகட்டை அகற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. பென்டியம் III உறைந்து நின்றாலும் உயிர் பிழைத்தது. ஏஎம்டியின் ஆத்லான் செயலிகள் சில நொடிகளில் புகைந்து கெட்டன.

கெட்டவற்றுள் ஆத்லான் எம்பி வகையில் வெப்ப உணரி இருந்தது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. உணரி இருந்தும், அது சொன்னதைக் கேட்டு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு தாய்ப்பலகையில் இல்லை. பென்டியம் 4-இலோ அளத்தலும் செயல்படுதலும் ஒரே சில்லுக்குள் அமைந்திருந்தன. அளவீட்டிற்கும் செயலுக்கும் இடையிலான தொலைவு குறைந்தால்தான் காவல் முழுமையாகும் என்பதை இச்சோதனை உலகுக்குக் காட்டியது. அதன்பின் செயலிக்குள்ளேயே காவல் அமைப்பது பொதுவழக்காயிற்று.

தேடுதலே கேடாகிய நிகழ்வு

1998-இல் லினக்ஸ் இயங்குதளத்திற்காக எல்எம்-சென்சார்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் தொடங்கியது. எந்தத் தாய்ப்பலகையில் எந்த உணரிச் சில்லு உள்ளது என்பதற்குப் பொதுவான பட்டியல் எதுவும் இல்லை. எனவே அதன் தேடல் நிரல், பாட்டையிலுள்ள முகவரிகளை ஒவ்வொன்றாக அழைத்து, யார் விடையளிக்கிறார்கள் என்று பார்த்தது.

2000-ஆம் ஆண்டையொட்டி இந்த முறை ஒரு விபரீதத்தில் முடிந்தது. ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் அதே பாட்டையில் ஒரு நிலை நினைவகச் சில்லும் இணைக்கப்பட்டிருந்தது. உணரியைத் தேடி அனுப்பிய அழைப்பை அச்சில்லு எழுதும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, தன் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டது. அடுத்த முறை கணினி இயங்க மறுத்தது. வெப்பநிலையை அறிய விரும்பியவர் கணினியையே இழந்தார். திட்டக் குழுவினர் இதனை மறைக்காமல் ஆவணத்தில் எச்சரிக்கையாக எழுதி, ஐபிஎம் கணினி எனக் கண்டால் தேடலை நிறுத்தும் சரிபார்ப்பையும் சேர்த்தனர். உணரியைப் படிப்பது தீங்கற்ற செயல் என்ற எண்ணம் அத்துடன் மறைந்தது.

இதற்கு நெருங்கிய இன்னொரு சிக்கல், ஒரே சில்லை இருவர் படிப்பது. தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளும் இயங்குதளத்தின் இயக்கியும் ஒரே நேரத்தில் ஒரே சில்லை அணுகினால், ஒருவர் புரட்டி வைத்த பக்கத்தை மற்றவர் படிப்பது போன்ற நிலை ஏற்பட்டு, பொருந்தாத எண் கிடைக்கும். ஆகவேதான் பிற்காலத்து லினக்ஸ் கருவகம் இத்தகைய மோதலைக் கண்டால் உணரி இயக்கியை ஏற்ற மறுக்கிறது. விண்டோஸ் கணினியில் இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்களை ஒன்றாக ஓடவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஒரே செயலி, இரு வெப்பநிலை

2006-இல் இன்டெல் கோர் வரிசைச் செயலிகளில் எண்ம வெப்ப உணரி வந்தது. இது "இப்போது 60 பாகை" என்று சொல்வதில்லை. "உச்ச வரம்பை எட்ட இன்னும் 40 பாகை உள்ளது" என்றுதான் சொல்லும். உச்ச வரம்பு 100 என்றால் வெப்பநிலை 60. வரம்பு 85 என்றால் 45. மேசைக்கணினிச் செயலிகளுக்கான அந்த வரம்பைத் தொடக்கத்தில் இன்டெல் வெளியிடாததால், ஒவ்வொரு மென்பொருளும் தானே ஒரு வரம்பை ஊகித்துக்கொண்டது. ஒரே செயலிக்கு இரு மென்பொருள்கள் 15 பாகை வேறுபாட்டுடன் எண் காட்டின. 2008-இல் இன்டெல் அந்த மதிப்புகளை வெளியிட்ட பிறகே இக்குழப்பம் தணிந்தது.

2017-இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகள் வேறொரு பாடம் தந்தன. அவை உண்மையான வெப்பநிலையைவிட 20 பாகை கூட்டிச் சொன்னன. விசிறிகளின் வேகக் கட்டுப்பாடு எல்லா வகைகளுக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காக ஏஎம்டி வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. செயலி கொதிக்கிறது என்று கவலைப்பட்ட பயனர்களுக்கு நிறுவனம் பிறகு விளக்கமளித்தது. உணரியும் பழுதில்லை, காட்டியும் பழுதில்லை. எண்ணின் பொருள்தான் வேறு.

வன்தட்டுகளின் வரலாறும் இத்தகையதே. வெப்பம் கூடினால் வன்தட்டு விரைவில் கெடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து, மிதமான வெப்பநிலைகளில் அத்தகைய வலுவான தொடர்பு தென்படவில்லை என்று அறிவித்தனர். எண் சரியாக இருந்தாலும் அதன்மேல் நாம் ஏற்றும் முடிவையும் சோதிக்க வேண்டும்.

வெளிக் காட்டிகள்

1995-இல் வந்த பீபாக்ஸ் கணினியின் முகப்பில் இரு நிரல்களில் எல்.ஈ.டி. விளக்குகள் இருந்தன. அவை இரண்டு செயலிகளின் பணிச்சுமையைக் காட்டின. 1990-களின் இறுதியில் கோபால்ட் நிறுவனத்தின் ராக் வகை வழங்கிகள், திரையும் விசைப்பலகையும் இன்றி, முகப்பிலிருந்த ஈரடித் திரவப் படிகக் காட்டி வழியாகவே பயனரிடம் பேசின.

இவ்வகைக் காட்டிகளுள் பெரும்பாலானவை ஹிட்டாச்சியின் எச்டி44780 என்ற கட்டுப்படுத்தியைப் பின்பற்றின. இருவரியில் 16 எழுத்து, நான்கு வரியில் 20 எழுத்து என்பவை அதன் வழக்கமான அளவுகள். அதன் நினைவில் ஆங்கில எழுத்துகளும் யப்பானிய கத்தகானா எழுத்துகளும் இருந்தன. பயனர் தாமாக வரைய 8 எழுத்துகளுக்கே இடமிருந்தது. ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் கொண்ட கட்டம். அந்தக் கட்டத்திற்குள் தமிழின் 'ண', 'ஐ' போன்ற எழுத்துகளைத் தெளிவாக வரைவது கடினம். புள்ளிகளால் படம் வரையும் சிறு ஓஎல்ஈடி திரைகள் மலிவான பிறகுதான் தமிழில் நிலை காட்டுவது எளிதாயிற்று.

லினக்சில் இக்காட்டிகளுக்காக எல்சிடிபிராக் என்ற கட்டற்ற மென்பொருள் தோன்றியது. அதில் காட்டியை இயக்கும் நிரல் ஒன்று, செய்தி அனுப்பும் நிரல் மற்றொன்று. திரவப் படிகக் காட்டிக்கு ஓர் இயல்பு உண்டு. கணினி உறைந்துவிட்டாலும், மின்சாரம் உள்ளவரை கடைசியாக எழுதியதையே அது காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே செயலி தீய்ந்துகொண்டிருக்க, வெளியே "45" என்று அமைதியாக எண் நிற்கலாம். இதனை வெல்ல, திரையின் மூலையில் துடிக்கும் சிறு இதயக் குறியை எல்சிடிபிராக் வைத்தது. இதயம் துடித்தால் எண் உயிரோடு இருக்கிறது. துடிக்காவிட்டால் அந்த எண் பழையது.

2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த சைடுஷோ என்ற துணைக்காட்டித் திட்டம் வேரூன்றவில்லை. ஆனால் 2012-இல் வந்த ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளால், மாணவர்களே காட்டிகளைச் செய்துகொள்ளும் காலம் பிறந்தது.

வரலாறு தரும் பழுதறி முறை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து, ஐயத்திற்குரிய ஓர் எண்ணைச் சோதிக்கும் வரிசையை வகுத்துக்கொள்ளலாம்.

1. எண் நடக்கக்கூடியதா? அறையே 32 பாகை இருக்கும் கோடைப் பகலில், காற்றால் குளிர்விக்கப்படும் செயலி 24 பாகை இருக்க இயலாது. -128, 127, 255 போன்ற எண்கள் பெரும்பாலும் உணரி இணைக்கப்படாத வாயிலைக் குறிப்பவை.

2. எண் உயிரோடு உள்ளதா? கணினிக்குக் கனமான வேலை கொடுத்தால் எண் ஏற வேண்டும். நிறுத்தினால் இறங்க வேண்டும். அசையாத எண்ணை நம்பலாகாது. டிஎஸ்18பி20 என்ற பரவலான உணரி, மின்சாரம் பெற்றவுடன், அளக்கும் முன்பே 85 என்ற எண்ணை வைத்திருக்கும். எப்போதும் 85 காட்டினால் அது வெப்பமன்று. அளவீடு நடக்கவில்லை என்பதே பொருள். மின்வழங்கலையும், தரவுக் கம்பியை மின்வழங்கலோடு இணைக்கும் 4.7 கிலோஓம் தடையத்தையும் பார்க்க வேண்டும்.

3. அலகு எது? லினக்ஸ் கருவகம் வெப்பநிலையைப் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்காகத் தருகிறது. 45000 என்பது 45 பாகை. வகுக்க மறந்த நிரலே பல "பழுதுகளுக்கு" காரணம்.

4. இன்னொருவர் என்ன சொல்கிறார்? கணினியைத் தொடக்கி அமைப்புப் பக்கத்திற்குள் சென்று, அங்குள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். சிறு வேறுபாடு இயல்பு. 20 பாகை போன்ற முழு எண் வேறுபாடு மாறாமல் நின்றால், அது கூட்டல் கழித்தல் ஏற்பாடாக இருக்கலாம்.

5. காட்டி மட்டும் பழுதா? ஈரடிக் காட்டியின் மேல்வரியில் கட்டங்கள் மட்டும் நிறைந்திருந்தால், அதற்கு மின்சாரம் வருகிறது, தொடக்கக் கட்டளை வரவில்லை என்று பொருள். பின்னொளி எரிந்தும் எழுத்தே தெரியாவிட்டால் முதலில் செறிவைக் கட்டுப்படுத்தும் திருகைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

6. இறுதியாகக் கையும் காதும். விசிறி சுற்றுகிறதா, தகட்டில் தூசி அடைத்துள்ளதா, தகடு செயலியோடு இறுகப் பொருந்தியுள்ளதா என்பவற்றை மின்சாரத்தைத் துண்டித்தபின் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். 90 பாகைக்கு மேல் காட்டும் எண் உண்மையாக இருக்கவும் கூடும். எல்லா எச்சரிக்கையையும் பொய்யென்று தள்ளுவது, எல்லாவற்றையும் மெய்யென்று நம்புவதைவிட ஆபத்தானது.

அண்மைக் காலம்

உணரிகளைப் படிக்க மென்பொருளுக்கு இயங்குதளத்தின் ஆழத்தில் நுழையும் அனுமதி தேவை. விண்டோசில் பல கட்டற்ற கண்காணிப்பு மென்பொருள்கள் வின்ரிங்0 என்ற பொது இயக்கியை இதற்காகப் பயன்படுத்தின. அதில் பாதுகாப்புக் குறை இருந்ததால், 2025-இல் மைக்ரோசாப்டின் பாதுகாப்பு மென்பொருள் அதனைத் தீங்கானது எனக் குறித்துத் தடுத்தது. அதனை நம்பியிருந்த மென்பொருள்கள் சிலவற்றில் வெப்பநிலை எண்கள் தோன்றாமல் போயின. உணரியும் காட்டியும் நலமாக இருந்தும், இடையிலிருந்த ஒரு கை விலக்கப்பட்டதால் செய்தி நின்றது.

மேசைப்பந்து ஓட்டின்கீழ் எரிந்த நியான் விளக்கிலிருந்து இன்றைய ஓஎல்ஈடி திரை வரை காட்டிகள் பலமுறை மாறியுள்ளன. காட்டியில் தெரியும் எண் எந்த உணரியில் தொடங்கி எந்தக் கைகளைக் கடந்து வந்தது என்று கேட்டறியும் பழக்கம் மட்டும் எல்லாக் காலத்திற்கும் தேவைப்பட்டு வந்துள்ளது. வன்பொருள் பயிலும் மாணவர் முதலில் பெற வேண்டிய கருவி அதுவே.